ஆர்.வி.யிலேயே குடியிருந்து அமெரிக்காவைச் சுற்றிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரெய்லரையே வீடாக்கிக்கொண்டு நானும் என் கணவரும் அமெரிக்காவைச் சுற்றி வருகிறோம். வழியில் பழகும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோருமே கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன். கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.வி.ன்னா ஷூட்டிங்ல நிக்குமே, அந்த கேரவன் மாதிரியா?

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை, ஷவர், ஹீட்டர் எல்லாம் உண்டு. தானே ஓடுவது மோட்டார்ஹோம், இன்னொரு வண்டி இழுத்துக்கொண்டு போவது டிரெய்லர்.

மோட்டார்ஹோமில் மூன்று வகை. பஸ் அளவுக்குப் பெரியது கிளாஸ் ஏ. வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கியது கிளாஸ் பி. டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது கிளாஸ் சி. டிரெய்லரில் சாதாரண வகை வண்டியின் பின்கொக்கியில் மாட்டப்படும். ஃபிஃப்த் வீல் எனப்படுவது பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள்ளேயே மாட்டப்படும், ஓடும்போது ஆட்டம் குறைவு.

அக்கா, எது வாங்கலாம்? பெருசா வாங்கினா வசதிதானே?

என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அளவு தானாக முடிவாகும். தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள்) பல, ஐம்பது அறுபது வருடம் முன்பு சின்ன வண்டிகளுக்காக அமைத்தவை. 30 அடியைத் தாண்டினால் அங்கே இடம் கிடைப்பது மிகவும் குறைந்துவிடும். இரண்டு பேர் என்றால் 22 முதல் 25 அடி போதும் என்பது என் கருத்து. குழந்தைகள் இருந்தால் 30 அடி வரை போகலாம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஊர் பார்க்க ஒரு சின்ன வண்டி கையில் இருக்க வேண்டும். டிரெய்லர் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கிலேயே சுற்றலாம். மோட்டார்ஹோம் என்றால் பின்னால் ஒரு காரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். எல்லாக் காரையும் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்க முடியாது, காரின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் ஒரு வாரமாவது வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள், முடிந்தால் மழையோ குளிரோ உள்ள காலத்தில்.

ஓட்டுறதுக்குத் தனி லைசென்ஸ் வேணுமா?

வண்டியின் எடை 26,000 பவுண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண லைசென்ஸே போதும். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உதாரணமாக, கலிபோர்னியாவில் 40 அடிக்கு மேல் நீளமான மோட்டார்ஹோமுக்கு வேறு வகை லைசென்ஸ் தேவை.

லைசென்ஸை விட உயரம்தான் கவலைப்பட வேண்டியது. கூரை மேல் உள்ள ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, அடி அங்குலக் கணக்கில் எழுதி டிரைவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். போனில் இருக்கும் சாதாரண வரைபடத்துக்குப் பாலத்தின் உயரம் தெரியாது. ஆர்.வி.க்கென்று இருக்கும் வழிகாட்டியில் உங்கள் நீளம், உயரம், எடையைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

தண்ணி, கரண்ட் எல்லாம் எங்கிருந்து வரும்?

வண்டியில் மூன்று டேங்க் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, சிங்க் மற்றும் ஷவர் தண்ணீருக்கு ஒன்று (கிரே), கழிப்பறைக்கு ஒன்று (பிளாக்). முழு வசதி உள்ள கேம்ப்கிரவுண்டில் தண்ணீர்க் குழாய், கரண்ட், சாக்கடை மூன்றையும் நேராக இணைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் தண்ணீர் மிக வேகமாக வரும், வண்டியின் மெல்லிய பைப்புகள் தாங்காது. அதனால் குழாயில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் மாட்டிய பிறகே இணைக்க வேண்டும்.

கரண்ட் இணைப்பு 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு விதம். 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு லைன் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். கம்பத்தில் நேராகச் சொருகாமல் நடுவில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் (மின்சார ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கும் கருவி) வையுங்கள். பழைய கேம்ப்கிரவுண்டுகளில் வயரிங் எப்போதும் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது.

பாத்ரூம் கழிவை நாமளேதான் எடுக்கணுமா? நாத்தம் அடிக்காதா?

ஆமாம், நாம்தான். கையுறை போட்டுக்கொண்டு, 3 அங்குலக் குழாயை டேங்கிலிருந்து சாக்கடை வாயில் மாட்டி வால்வைத் திறந்தால் வேலை முடிந்தது. முதலில் பிளாக், பிறகு கிரே. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைத்துவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது டேங்கிலேயே தங்கிக் கெட்டியாகிவிடும். முக்கால்வாசி நிரம்பும் வரை மூடி வைத்துவிட்டு ஒரேயடியாகத் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். நாற்றம் வருவது பெரும்பாலும் தண்ணீர் போதாததால்தான், தாராளமாக ஊற்றுங்கள். சமையல் சிங்கில் சோறு, பருப்பு, எண்ணெய் எதுவும் இறங்கக் கூடாது. தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினால் கிரே டேங்கும் நாறாது.

இட்லி, சாம்பார், தாளிப்பு எல்லாம் நடக்குமா?

தாராளமாக நடக்கும், எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே உதவாது, 110 வோல்ட் மிக்ஸி வாங்க வேண்டும். 30 ஆம்ப் இணைப்பில் ஏசி, வெந்நீர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். அரைக்கும்போதும் சமைக்கும்போதும் ஹீட்டரையோ ஏசியையோ அணைத்து வைப்பது பழக்கமாகிவிட வேண்டும். தாளிக்கும் முன் கூரை ஃபேனைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும். வடை, அப்பளம் பொரிப்பதெல்லாம் வெளியே தனி அடுப்பில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே பொரித்தால் எண்ணெய்ப் பிசுக்கு துணியிலும் மெத்தையிலும் ஏறிவிடும்.

மாவு புளிப்பது ஊருக்கு ஊர் மாறும். அரிசோனா பாலைவனத்தில் சீக்கிரமே பொங்கிவிடும், மலையில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அசையாது. அங்கே இன்ஸ்டன்ட் பாட் என்ற கரண்ட் குக்கரில், தயிர் உறை வைக்கும் சூட்டில் வைத்துவிடுங்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா மாதிரி ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது. சால்ட் லேக் சிட்டி, டென்வர், ஃபீனிக்ஸ் போன்ற நகரங்களில் இந்தியக் கடைகள் உண்டு. வயோமிங், மொன்டானா பக்கம் போகும் முன் அங்கேயே புளி, பருப்பு, மிளகாய் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கரடி உள்ள இடங்களில் மட்டும் வெளியே சமைத்ததும் பாத்திரம், அடுப்பு, குப்பை எல்லாவற்றையும் உடனே உள்ளே எடுத்துவிட வேண்டும். யெல்லோஸ்டோனில் தண்ணீர், கரண்ட், சாக்கடை மூன்றும் உள்ள ஒரே கேம்ப்கிரவுண்டு ஃபிஷிங் பிரிட்ஜ்தான். கரடி நடமாட்டம் காரணமாக அங்கே கூடாரத்துக்கும் துணிச்சுவர் வைத்த டிரெய்லருக்கும் அனுமதியே இல்லை.

அப்ப கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாம் ஏத்திக்கலாமா?

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பவுண்டு சாமான் ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். டிரெய்லரில் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 50 கேலன் நிரப்பினால் அதுவே 415 பவுண்டு. வீட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, டிரக்குகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை பாருங்கள். சில டாலர்தான் ஆகும்.

எடை கூடினால் முதலில் அடிபடுவது டயர். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2321 என்றால் 2021ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மாசம் எவ்வளவு ஆகும்?

பொதுவாக ஒரு தொகை சொல்ல முடியாது, ஏனென்றால் அதை முடிவு செய்வது உங்கள் வேகம். கேலனுக்கு 8 மைல் கொடுக்கும் வண்டியில் 1,000 மைல் போனால் 125 கேலன். அதே மாதம் 300 மைல் மட்டும் நகர்ந்தால் 38 கேலனுக்குள் முடிந்துவிடும். தங்குமிடமும் அப்படியே. நாள் வாடகையை விட வார வாடகை மலிவு, மாத வாடகை அதைவிட மலிவு. மாதக் கணக்கில் தங்கினால் பெரும்பாலும் கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கும்.

பலர் விட்டுவிடும் செலவு இரண்டு. ஒன்று ரிப்பேர். ஓடும் வீட்டில் ஏதாவது ஒன்று தளர்ந்துகொண்டேதான் இருக்கும், அதற்கென்று மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். மற்றது காப்பீடு. விடுமுறைக்கு ஓட்டுவதற்கான சாதாரணக் காப்பீடு, அதிலேயே குடியிருப்பவருக்கு முழுசாகப் பொருந்தாது. முழுநேரக் குடியிருப்புக்கென்று தனி வகை இருக்கிறது, முகவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரீயாவே நிறுத்திக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் பல இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். தண்ணீர், கரண்ட், கழிப்பறை எதுவும் இருக்காது, குப்பையையும் நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்றால் அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கம் லா போசா போன்ற நீண்டகாலத் தங்குமிடங்கள் உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை 180 டாலர்.

வால்மார்ட் வாசலில் ஒரு இரவு நிற்பது அந்தந்தக் கடை மேலாளரின் அனுமதியைப் பொறுத்தது. உள்ளே போய்க் கேட்டுவிட்டு நில்லுங்கள். அங்கே நாற்காலி போட்டு உட்காருவது, அடுப்பு மூட்டுவதெல்லாம் கூடாது.

சோலார் போட்டுட்டா ஏசி ஓடிடாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1.28 யூனிட். கூரை ஏசி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். ஒரு பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. விளக்கு, ஃபேன், லேப்டாப், ஸ்டார்லிங்க் இணையம் இவற்றுக்கு சோலார் அருமையாகப் போதும். ஏசிக்கு கம்பத்துக் கரண்ட் வேண்டும், அல்லது ஜெனரேட்டர் வேண்டும்.

அப்ப வெயிலுக்கும் குளிருக்கும் என்ன பண்றீங்க?

பருவத்தோடு நகர்கிறோம். நவம்பர் முதல் மார்ச் வரை தெற்கு அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா. வெயில் ஏற ஏற உட்டா, கொலராடோ, பிறகு வயோமிங், மொன்டானா. உயரமும் கைகொடுக்கும். 1,000 அடி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் மூன்று நான்கு டிகிரி குறையும். கீழே வெயில் 100 டிகிரியைத் தொடும்போது 7,000 அடி மேலே ராத்திரி போர்வை தேடுவீர்கள்.

குளிரை விட நான் பயப்படுவது காற்றுக்கு. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே ஐ-80 சாலையில் எல்க் மவுண்டன் பக்கம் குளிர்காலக் காற்றில் லாரிகளே சாய்ந்துவிடும். எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையை மூடுவதும் உண்டு. மாநிலச் சாலைத்துறையின் அறிவிப்பில் காற்று எச்சரிக்கை இருந்தால் இருக்கும் ஊரிலேயே இன்னொரு நாள் தங்கிவிடுங்கள்.

ஒரு இடத்துல எத்தனை நாள் இருப்பீங்க? தினமும் ஒரு ஊரா?

தினமும் ஒரு ஊர் என்று கிளம்பியவர்கள் சீக்கிரமே களைத்துத் திரும்பிவிடுவதைப் பார்க்கிறேன். நிறுத்துவது, சமன் செய்வது, இணைப்பது, மறுபடி கழற்றுவது என்று பாதி நாள் அதற்கே போய்விடும். ஒரு ஊரில் வீட்டை நிறுத்திவிட்டு, குறைந்தது ஒரு வாரம் சின்ன வண்டியில் நாலா பக்கமும் போய் வருவதுதான் பார்க்கும் வழி. நகரும் நாளில் 200, 250 மைலோடு நிறுத்தி, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மூன்று ஊர்களைச் சொல்கிறேன். உட்டாவில் மோவாப்: ஆர்ச்சஸ் பூங்கா வாசல் 5 மைல், கேன்யன்லாண்ட்ஸின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதி சுமார் 30 மைல், டெட் ஹார்ஸ் பாயிண்டும் அதே வழியில்தான். காலை ஆறு மணிக்கு ஆர்ச்சஸுக்குள் போய், வெயில் ஏறும் முன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் மறுபடி போகலாம். விடுதியில் தங்கிப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாவகாசம் கிடைப்பதில்லை. இரண்டாவது உட்டாவிலேயே கனாப்: ஒரு பக்கம் ஜயான் பூங்கா முக்கால் மணி நேரத்தில், இன்னொரு பக்கம் பிரைஸ் கேன்யன் பூங்கா ஒன்றரை மணி நேரத்தில். மூன்றாவது தெற்கு டகோட்டாவில் கஸ்டர்: நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர் மலை, விண்ட் கேவ், ஜுவல் கேவ் குகைகள், காட்டெருமை மந்தைகள் சாலையை மறித்து நிற்கும் கஸ்டர் மாநிலப் பூங்கா எல்லாமே பக்கம். பேட்லாண்ட்ஸ் பூங்கா மட்டும் கொஞ்சம் தூரம், ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கு உள்ளேயே தங்க வேண்டுமென்றால் ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் பல கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், கோடைக்கால இடங்கள் அன்றைக்கே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், வெளியே 20 மைலில் இடம் இருக்கும்.

பூங்காவுக்கெல்லாம் தனித்தனியா டிக்கெட் வாங்கணுமா?

அமெரிக்கா தி பியூட்டிஃபுல் என்ற வருட அட்டை இங்கே குடியிருப்பவர்களுக்கு 80 டாலர். ஒரு வண்டியில் வருபவர்கள் எல்லோரும் அதிலேயே உள்ளே போகலாம். 62 வயது ஆன குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அதே 80 டாலரில் ஆயுள் அட்டையே கிடைக்கும். மத்திய அரசின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் அதற்குப் பாதிக் கட்டணம்தான்.

இந்த அட்டை செல்லாத இடங்களும் உண்டு. மவுண்ட் ரஷ்மோரில் நுழைவு இலவசம், வண்டி நிறுத்தத் தனிக் கட்டணம். கஸ்டர் பூங்கா மாநில அரசுடையது, அதற்கு மாநில அனுமதிச் சீட்டு. குகைக்குள் அழைத்துப் போவதற்கும் தனிச் சீட்டுதான்.

மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யனுக்கு அந்த அட்டை செல்லுமா?

செல்லாது. இரண்டும் நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம், அவர்களுடைய பூங்கா, அவர்களுடைய விதி. ஆன்டிலோப் கேன்யனுக்குள் நவஹோ வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பே பதிவு செய்ய வேண்டும்.

நேரத்தைக் கவனியுங்கள். அரிசோனாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள், உட்டாவிலும் மாற்றுவார்கள். ஆனால் ஆன்டிலோப் கேன்யன் பதிவுகள் பேஜ் ஊரைப் போல அரிசோனா நேரப்படி. போன் கோபுரத்துக்குத் தகுந்தபடி நேரத்தை மாற்றி மாற்றிக் காட்டும். பதிவு செய்த நிறுவனத்திடம் எந்த நேரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.வி. போகவே முடியாத ரோடு இருக்கா?

இருக்கிறது, அதுவும் மிக அழகான சாலைகள்தான். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச் கிரீக்குக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் அனுமதி இல்லை. கஸ்டர் பூங்காவின் நீடில்ஸ் சாலையில் பாறையைக் குடைந்த சுரங்கம் 8 அடி அகலம்தான். ஜயானில் 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கத்தில் முன்பு போக்குவரத்தை நிறுத்திப் பெரிய வண்டிகளை நடுச்சாலையில் விட்டார்கள். 2026 நடுவிலிருந்து அவற்றைச் சுற்றுவழியில் அனுப்ப முடிவு செய்திருக்கிறார்கள். கனாபில் வீட்டை நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம், சின்ன வண்டிக்குத் தடை இல்லை.

கிழக்கே போனால் சமையல் கேஸ் சிலிண்டரும் ஒரு பிரச்சினை. பால்டிமோரின் இரண்டு சுரங்கச் சாலைகளிலும் 10 பவுண்டுக்கு மேலான சிலிண்டரோடு போகக் கூடாது. 2024 மார்ச்சில் கீ பாலம் இடிந்ததால் கிழக்குப் பக்கச் சுற்றுவழியும் இல்லை. ஐ-695 சாலையில் மேற்காகச் சுற்றிப் போங்கள்.

வீடே இல்லைன்னா லைசென்ஸ், வரி, தபால் எல்லாம் எந்த அட்ரஸ்ல?

சட்டப்படி ஒரு மாநிலம் உங்கள் சொந்த மாநிலமாக இருந்தே ஆக வேண்டும். முழுநேரப் பயணிகள் பெரும்பாலும் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, தபாலை வாங்கி அனுப்பி வைக்கும் சேவைகளும் நன்றாக இருக்கின்றன. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் எஸ்கேபீஸ் என்ற ஆர்.வி. சங்கம் இந்த வேலையை நீண்ட காலமாகச் செய்கிறது. வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மருத்துவக் காப்பீடு வேறு மாநிலங்களில் எந்த அளவு செல்லும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நான் எச்-1பி-ல இருக்கேன். ஆர்.வி.யில சுத்திக்கிட்டே ரிமோட்டா வேலை பார்க்கலாமா?

மேலே சொன்ன சுதந்திரம் உங்களுக்கு அப்படியே கிடையாது. எச்-1பி அனுமதி வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. விண்ணப்பத்தில் காட்டிய வட்டாரத்தை விட்டு வெளியே இருந்து வேலை பார்த்தால், குறுகிய கால விதிவிலக்கு போக, நிறுவனம் திருத்திய மனு போட வேண்டியிருக்கும். நாடு முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பதற்கு அது ஒத்துவராது. விடுமுறை நாட்களில் சுற்றுவதற்குத் தடை இல்லை.

முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இது உண்டு. நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

பிள்ளைங்க படிப்பு?

வீட்டிலிருந்தே படிப்பிக்கலாம். எந்த விதி என்பது உங்கள் சொந்த மாநிலத்தைப் பொறுத்தது, டெக்சாஸில் கட்டுப்பாடு குறைவு. பூங்காக்களில் ஜூனியர் ரேஞ்சர் என்று ஒரு பயிற்சி நூல் கொடுப்பார்கள். அதை முடித்துக் காட்டினால் ரேஞ்சர் உறுதிமொழி சொல்ல வைத்து பேட்ஜ் தருவார். பாறை, விலங்கு, பழங்குடி வரலாறு எல்லாவற்றையும் கண்முன் வைத்துப் படிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியாது.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா கூட்டிட்டுப் போலாமா?

கட்டாயம் கூட்டிப் போங்கள். வயதானவர்களுக்குக் கழிப்பறையும் சுடுசோறும் கூடவே வருவது பெரிய நிம்மதி. ஆனால் 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, ஜயான் உள்ளிட்ட 11 பூங்காக்களில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல். வெளிநாட்டவருக்கான வருட அட்டை 250 டாலர். நான்கைந்து பூங்கா பார்ப்பதென்றால் அந்த அட்டையே லாபம்.

ஓடும்போது படுக்கையில் சாய்ந்து வரட்டும் என்று விடாதீர்கள், எல்லோரும் பெல்ட் உள்ள இருக்கையில்தான் வர வேண்டும். டிரெய்லருக்குள் ஆட்கள் உட்கார்ந்து வரப் பல மாநிலங்களில் அனுமதி இல்லை. வண்டியின் படிகள் செங்குத்தாக இருக்கும், வாசலில் ஒரு கைப்பிடி மாட்டுங்கள். 8,000 அடிக்கு ஒரே நாளில் ஏற்றாமல் நடுவில் இரண்டு நாள் தங்க வையுங்கள். ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டிலும் நுழைந்ததுமே அதன் முகவரியையும் உங்கள் இட எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான்.